பதினொரு பேருக்கு ஒரே எண்

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணி. தேவாலயத்தை ஒட்டிய அந்தக் கூடத்தில் மின்விசிறிகள் மூன்று, ஓடியது ஒன்று. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, என் வகுப்பில் படித்த பதினான்கு பெண்களும் நிரப்பிச் சேமித்திருந்த பயிற்சிப் படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் ஐந்தே கட்டங்கள். பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண். இந்த ஐந்தை நிரப்பக் கற்றுக்கொடுக்க எனக்கு ஏழு வகுப்புகள் ஆகியிருந்தன.

பிறந்த தேதி ஒன்பது பேருக்கு ஜனவரி ஒன்று. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் சர்க்கார் ஜனவரி ஒன்றில் பிறந்தநாள் கொண்டாடுகிறது. கைபேசி எண்ணில்தான் வந்தது வினை. இரண்டாவது படிவத்தில் பார்த்த எண் நான்காவதிலும் இருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது. பதினான்கையும் திறந்து, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். பதினொரு பேருக்கு ஒரே எண்.

எனக்குக் கோபம் வந்தது. முன்னால் இருப்பவரைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏழு வகுப்பு என் தொண்டை கிழிந்ததற்கு இதுதான் பலனா என்று கேட்டேன். பரீட்சையா வைக்கிறேன், காப்பி அடிக்க, என்றும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

பின்வரிசையிலிருந்து பழனாத்தாள் எழுந்தாள். தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவள், வயது நாற்பத்தெட்டு, வகுப்பிலேயே வேகமாகத் தட்டச்சு செய்பவள்.

"காப்பி அடிக்கலீங்க சார்," என்றாள். "அதுதானுங்க எங்க நம்பரு."

"எங்க நம்பர் என்றால்? பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே போனா?"

"போனு ஆளாளுக்கு இருக்குதுங்க. நம்பரு பண்ணாடியோடதுங்க."

எங்கள் பக்கத்தில் தோப்பில் வேலை செய்பவர்கள் தோட்டத்துச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் ஊரில் ஆதார் முகாம் போட்டபோது இவர்கள் யாரிடமும் போன் கிடையாது. போன் எண் இல்லாமல் எழுத முடியாது என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். பண்ணாடி பக்கத்தில் நின்றிருக்கிறார். என்னோட நம்பரப் போட்டுக்கங்க, எதாச்சும் வந்தாச் சொல்லி உடறேன் என்று நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்ற தெருவே அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு ரேஷன் அட்டை, காஸ் இணைப்பு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அதே எண் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பத்து இலக்கங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். தங்கள் சொந்த எண்ணைச் சொல்லச் சொன்னேன். நான்கு பேருக்குத்தான் தெரிந்தது.

நாற்காலி விவகாரம்

நான் இந்த வேலையில் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்காக: நான் புள்ளியியல் துறையில் முப்பத்தி நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன். பயிர், மாடு, கிணறு, மனிதர்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி எழுதியதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுகிறேன். கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணுகிறேன். மனைவி என்னோடு விருந்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா என்ற அம்மாதான் ஒரு நாள் வீடு தேடி வந்தார். கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கிறது, சொல்லித்தர ஆளில்லை, நீங்கள் ஆபீசில் தட்டியிருப்பீர்களே என்றார். தட்டியிருக்கிறேன் என்று சொன்னது என் முதல் தவறு. இதுவரை அந்த வகையில் மொத்தம் நான்கு தவறுகள் செய்திருக்கிறேன்.

கணினிகளைக் கொடுத்தது கோயமுத்தூரில் ஏதோ ஒரு கம்பெனி. ஒன்பது பெட்டி இறங்கின. ஓடியவை ஆறு. மவுஸ் ஐந்து. கொடுக்க வந்த அன்று கம்பெனிப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். முப்பத்தொரு போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணையும் மவுஸைப் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்தார்கள். அந்த மவுஸ் எதனோடும் இணைக்கப்படவில்லை. வயர் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

போகும்போது பாடத்திட்டம் என்று ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். முதல் பாடம்: திரையில் ஒரு வீடு வரைந்து கூரைக்குச் சிவப்பு வர்ணம் அடிக்கவும். சொந்தப் பெயரில் ஓலைக் கொட்டகைகூட இல்லாத பெண்களை உட்காரவைத்து வீடு வரையச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பை ஜன்னலுக்கு முட்டாக வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, நன்றாகத் தாங்குகிறது.

சரி, விண்ணப்பம் போடவாவது கற்றுக்கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அங்கே வேறொரு தொல்லை. நான் யார் பக்கத்தில் போய் நின்றாலும் அவர் எழுந்து நின்றுவிடுவார். கையை மவுஸிலிருந்து எடுத்துச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொள்வார். உட்காருங்கள் என்பேன். ஆகட்டுங்க என்பார், உட்கார மாட்டார். நான் நகர்ந்த பிறகுதான் உட்காருவார். முதல் வகுப்பில் இப்படி எழுந்து உட்கார்ந்ததை எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று தடவை.

"சார், சுவத்துல பல்லி நாலு இருக்குதுங்க, அதையும் சேத்துக்கங்க," என்றார் ஸ்டெல்லா.

கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பழனாத்தாள்தான் காரணத்தைச் சொன்னாள். நீங்க நிக்கறப்ப நாங்க எப்படீங்க குக்கறது என்றாள். அவ்வளவுதான் விஷயம். நான் நின்றால் அவர்கள் உட்கார மாட்டார்கள். ஆகவே நான் நிற்கக்கூடாது.

கோயமுத்தூரில் இருக்கும் என் மருமகள், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க, சக்கரம் வைத்த ஒரு சுழல் நாற்காலி வாங்கி வைத்திருந்தாள். அவள் ஊரில் இல்லாத ஒரு நாளில் அதை அங்கிருந்து சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதில் உட்கார்ந்தபடியே காலால் உந்தி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு உருண்டு போனேன். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும். மருமகள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பழனாத்தாளின் பாரம்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பழனாத்தாள் நின்றாள். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரு இணையதள முகவரியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் உதவியாளர் வேலை. தங்க அறை உண்டு. கணினி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

கணினியைத் திறந்து பார்த்தேன். ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாரோடு சேர்ந்த கைபேசிக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். அதைப் பத்து நிமிடத்துக்குள் கட்டத்தில் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

ஓடிபி பண்ணாடியின் போனுக்குப் போகும்.

அதனால் என்ன, கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றேன். பழனாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற அலுப்பு இருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

அவள் புருஷன் இறந்து ஆறு வருடம். மகளைச் சோமனூரில் ஒரு தறிக்காரருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள். தனியாகத் தோப்புக்குள் இருக்கும் சாளையில், அதாவது குடிசையில், குடியிருக்கிறாள். சாளை பண்ணாடிக்குச் சொந்தம். தோப்பு வேலையை விட்டால் சாளையை விட வேண்டும். கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டால் பரவாயில்லை, அங்கே அறை இருக்கிறது. கிடைப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துபோனால் இதுவும் போகும், அதுவும் இருக்காது.

"ஓடிபி வந்தா எதுக்குன்னு அதுலயே எழுதி வருமுங்களே சார். அவரு இங்கிலீசு படிப்பாருங்க."

இதுவரை எத்தனை முறை இப்படி வாங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். காஸ், ரேஷன், மகளின் பேறுகால உதவி, விதவைப் பணம். ஒவ்வொரு முறையும் தோட்டத்துக்குப் போய் நிற்க வேண்டும். அவர் சாப்பிட்டு வரும்வரை, தூங்கி எழும்வரை. அவர் ஒரு முறையும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் எங்கூட்டுல நடக்கறது எனக்கு முன்னால அவருக்குத்தானுங்க தெரியும் என்றாள்.

நாற்பத்தேழு குடும்பங்கள்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே ஊருக்கு ஒரு குடும்பக் கணக்கெடுப்புக்காக வந்திருக்கிறேன். வீடு வீடாகப் போய், ஆளைப் பார்த்து, கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. நல்ல வெயில். இப்போதைய பண்ணாடியின் அப்பா அப்போது இருந்தார். காலனிக்கெல்லாம் நீங்க எதுக்குங்க நடக்கறீங்க, எல்லாரும் நம்ம ஆளுங்கதான், நான் சொல்றேன் எழுதிக்கங்க என்று நாற்காலி போட்டார். இளநீர் வந்தது. ஒன்றல்ல, மூன்று.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குடும்பத் தலைவர் பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர். நாற்பத்தேழு குடும்பங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வீடு வீடாகப் போயிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும்.

எங்கள் துறையில் ஒரு பாலபாடம் உண்டு. வயது வரிசையில் ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் எண்களாகக் குவிந்து கிடந்தால், அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரோ கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் எழுதிய நாற்பத்தேழில் நாற்பத்தொன்று அப்படி இருந்தது. அன்றே எண்ணினேன். எண்ணிவிட்டுத்தான், "நேரில் விசாரித்து எழுதப்பட்டது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இதைப் பழனாத்தாளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பிடின்னா எங்கப்பன் பேரையும் எழுதியிருப்பீங்க."

"எழுதியிருப்பேன்."

"எத்தன வயசுன்னு போட்டீங்க?"

"ஞாபகமில்லை. ஐம்பது என்று போட்டிருப்பேன். பெரும்பாலும் ஐம்பதுதான்."

"எங்கப்பன் முப்பத்தெட்டுலயே போயிட்டாருங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைத் திருத்துவதுபோலத்தான் சொன்னாள்.

பத்து விரலும் இரண்டு கண்ணும்

புதன்கிழமை காலையில் அவளை அழைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனேன். போன் எண்ணையே மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. எங்களுக்குக் கிடைத்த டோக்கன் முப்பத்தெட்டு. நாங்கள் போனபோது ஓடிக்கொண்டிருந்தது ஒன்பது. ஒரு பெஞ்சு, அதில் ஆறு பேர், மற்றவர்கள் நின்றோம்.

எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று பத்து. பழனாத்தாள் விரலை வைத்தாள். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். விழவில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணி கொடுத்தாள், எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி இருபத்திரண்டு தடவை வைத்ததை நான் எண்ணினேன். பதினாறு வயதிலிருந்து தேங்காய் மட்டை உரித்த கை. மட்டை அந்த ரேகைகளை என்றைக்கோ தின்றுவிட்டது.

பிறகு கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண்ணை அந்த இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்றேன். அவசரப்பட்டேன். புது எண் ஏறச் சில நாள் ஆகும், செய்தி வரும் என்றாள் அந்தப் பெண். எத்தனை நாள் என்று கேட்டேன். சில நாளுங்க ஐயா என்றாள். சில என்றால் எத்தனை என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர், டோக்கன் முப்பத்தொன்பது, ஐயா கொஞ்சம் நவுந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க என்றார். இந்த ஊரில் திட்டுவதைக்கூட இப்படித்தான் திட்டுவார்கள்.

வியாழன் முழுக்கப் பார்த்தோம். எண் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வகுப்புக்கு வந்ததும் மறுபடி பார்த்தோம். பழைய எண்ணேதான்.

கண்ணாடி எடுக்கப் போனவர்

வெள்ளிக்கிழமை மணி நாலு பத்து. விண்ணப்பத்தின் மற்ற கட்டங்களையெல்லாம் பழனாத்தாளே நிரப்பி முடித்துவிட்டாள். ஓடிபி மட்டும் பாக்கி. மற்ற பதின்மூன்று பேரும் மீதி ஐந்து கணினிகளை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். யாரையும் உட்காரச் சொல்லும் தெம்பு எனக்கில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். பண்ணாடியை எனக்குத் தெரியும். கல்யாணம் காட்சிகளில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான். நான் பேசுகிறேன். வகுப்பில் பயிற்சிக்காக ஒரு எண் வரும், படித்துச் சொல்லுங்கள் என்றால் சொல்லிவிடுவார். செய்தியில் என்ன எழுதியிருந்தாலும் பயிற்சி என்றே நினைத்துக்கொள்வார்.

ஸ்டெல்லாவுக்கும் அதுவே சரி என்று பட்டது. பழனாத்தாள் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"நீங்க கேட்டா எதுக்குன்னு கேக்காமக் குடுத்துருவாருங்க," என்றாள். "இத்தன வருசமும் எங்களுக்காவ யாராச்சும் சொல்லித்தானுங்க எல்லாமே நடந்துருக்குது. இதையும் நீங்க சொல்லி வாங்கோணுமுங்களா?"

எனக்கு அந்த இளநீர் ஞாபகம் வந்தது.

"சாளை போயிரும், பாத்துக்க," என்றார் ஸ்டெல்லா.

"தெரியுமுங்க அக்கா. நானும் மூணு நாளா அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

ஓடிபி அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். திரையில் பத்து நிமிடம் குறைய ஆரம்பித்தது. தன் போனை எடுத்து, அந்தப் பத்து இலக்கங்களைப் பார்க்காமலே தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சொல்லு அம்மணி," என்றது பண்ணாடியின் குரல். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நானுங்க, பழனாத்தா. உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பரு வந்துருக்குமுங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லோணுமுங்க."

"எதுக்குக் கண்ணு?"

"காலேசுல சமையல் வேலைக்குப் பாரம் போடறனுங்க."

டிவி சத்தம் நின்றது. திரையில் எட்டு நிமிடம் இருபது வினாடி.

"எந்தக் காலேசு?"

"கோயமுத்தூருப் பக்கமுங்க. அங்கயே தங்கோணுமுங்க."

"அப்ப தோப்பு?"

"வேலை கெடச்சா வர முடியாதுங்க."

ஏழு நிமிடம் ஐம்பது.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"இப்பச் சொல்லிப்போட்டனுங்க."

போனை வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஏழு நிமிடம் ஐந்து வினாடியில், "கண்ணாடி உள்ள இருக்குது. எடுத்துட்டு வாரேன், இரு," என்றார்.

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாய் குரைத்தது. ஒரு பெண் குரல் யாரையோ பால் ஊற்றச் சொன்னது. ஆறு நிமிடம். ஐந்து. எனக்குத் தெரிந்து உலகத்தில் எந்த மனிதனும் ஒரு கண்ணாடியை இவ்வளவு நேரம் தேடியதில்லை. நான்கு நிமிடம் ஆனபோது ஸ்டெல்லா சிலுவைக் குறி போட்டார். பக்கத்தில் நின்ற பெண் மாசாணியம்மனை வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது. பழனாத்தாள் மட்டும் இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்ததுபோல முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

வேண்டுமென்று தாமதித்தாரா, உண்மையிலேயே தேடினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வயதானவர், என் கண்ணாடியையும் நான் தினம் தேடுகிறேன். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். எப்படியோ, வந்தார். ஆறு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படித்தார். பழனாத்தாள் ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கம் நகர்ந்தது.

"ஏறிருச்சுங்க," என்றாள்.

"செரி," என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "சாளைச் சாவி ரெண்டு இருக்குது அம்மணி. ரெண்டும் வேணும்."

"ஆகட்டுங்க."

கடைசிப் பொத்தானை அவள் அழுத்தும்போது நாலு முப்பத்தாறு. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. யாரும் கைதட்டவில்லை. கம்பெனிப் பிள்ளைகள் இருந்திருந்தால் தட்டச் சொல்லிப் போட்டோ எடுத்திருப்பார்கள்.

காலிக் கட்டம்

ஞாயிற்றுக்கிழமை அவள் சாளையைக் காலி செய்தாள். இரண்டு சாவிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் காபி குடிச்சுட்டுப் போ என்றாராம், குடித்துவிட்டு வந்தாளாம். நான்கு மூட்டை, ஒரு டிவி, ஒரு கட்டில். காலனியில் தங்கை வீட்டின் முன்னறையில் அவள் இருந்தது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நான் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை வந்து என் எதிரில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். கல்லூரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் மட்டும் என் யோசனைப்படி, ஒரு சின்னப் பொய் சொல்லி அந்த எண்ணை வாங்கிக் கொடுத்திருந்தால் இவள் சாளையிலேயே இருந்திருப்பாளே என்று இரவெல்லாம் புரண்டேன். மனைவி ஒரு நாள், கட்டில் எத்தனை தடவை கிரீச்சிட்டதுன்னும் எண்ணிக்கங்க என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுத்தாள்.

அதற்கிடையில் ஒன்று நடந்தது. மறு செவ்வாய் அதே பயிற்சிப் படிவத்தைக் கொடுத்திருந்தேன். திறந்து பார்த்தால், பத்துப் பேர் கைபேசி எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எங்க நம்பரு வந்தப்பறம் போட்டுக்கறோமுங்க என்றார்கள்.

என் முப்பத்தி நான்கு வருட உத்தியோகத்தில் காலிக் கட்டத்தை நான் அனுமதித்ததில்லை. காலியாக இருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார். எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். அன்றைக்குப் பத்துக் கட்டங்களையும் காலியாகவே விட்டு, கீழே சரி என்று போட்டேன். மறு வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் கூடுதலாக ஒரு வகுப்பு, ஆதார் மைய வாசலில். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பதுதான் பாடம். அந்த அறுபத்திரண்டு பக்கப் பாடத்திட்டத்தில் இது இல்லை.

தெரியாத எண்

வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். ஊரில் ஏமாற்றுக்காரர்கள் பெருத்துவிட்டார்கள். இதைக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பேன்.

ஆறாவது வாரம், ஒரு காலை நேரம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். வெட்டினேன். மறுபடி அடித்தது. வெட்டினேன். மூன்றாவது முறையும் அடித்தது. இந்தக் காலத்தில் திருடனுக்குக்கூட விடாமுயற்சி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். சட்டைக் காலரில் ஒரு இடம் கருகிவிட்டது. அந்த எரிச்சல் வேறு.

கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத் திறந்தேன். தமிழில், நிறுத்தற்குறிகளோடு, நான் கற்றுக்கொடுத்தபடி அடித்திருந்தாள்.

"சார், பழனாத்தா. காலேசுல கூப்புட்டாங்க. திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க. ரூம் சாவி குடுத்துட்டாங்க. போன் எடுங்க சார். இது என் நம்பர்."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த எண்ணை அவள் பெயரில் பதிந்தேன். இலக்கங்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பத்து. சரியாக இருந்தது.